அம்மா வீட்டுப் பக்கம் திரும்பிய ஆண்டெனா

என் வீட்டுக்காரர் செல்போன் டவரில் ஏறி வேலை செய்கிறவர். அவர் செய்த வேலை சரிதானா என்று கீழே வண்டியில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது என் வேலை. இருவருக்கும் ஒரே ஒப்பந்தக்காரரிடம் சம்பளம். உயரத்தில் அப்படி ஒட்டிக்கொண்டு நிற்பார் என்பதால் கூட இருப்பவர்கள் அவரைப் பல்லி என்பார்கள். எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை.

என் வண்டியில் சில போன்களைப் பலகையில் வரிசையாக மாட்டி வைத்திருப்பேன். தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டு போனால் அவை தாமாகவே அழைக்கும், தாமாகவே வைக்கும். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் மடிக்கணினியில் பச்சைக் கோடு விழும், இழுபறியான இடத்தில் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் மேலே இருப்பவரைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்ல வேண்டும். ஆக, கட்டிய கணவனைக் குறை சொல்வதற்கே சம்பளம் வாங்குகிறவள் நான். எத்தனை பெண்களுக்கு இந்தக் கொடுப்பினை?

இந்த முறை வேலை வந்தது என் அம்மா வீட்டுக்குப் பின்னால் இருக்கும் டவருக்கு. வந்தபோது நாங்கள் இருவரும் சந்தோஷப்படவில்லை, பயந்தோம். காரணம் என் அண்ணன்.

அம்மா தனியாக இருக்கிறாள். தையல் வேலை. இடுப்பில் பிடிக்கிற துணியைத் தளர்த்திக் கொடுப்பாள், தொளதொளப்பதைப் பிடித்துக் கொடுப்பாள். அந்தப் பகுதியில் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்பது அவளுக்குத் தெரிந்த அளவு மருத்துவருக்குத் தெரியாது. போன மாதம் ஒரு மாலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். போன் கையில்தான் இருந்தது. என்னை அழைத்தாள், அண்ணனை அழைத்தாள், என் வீட்டுக்காரரையும் அழைத்தாள். ஒன்றும் போகவில்லை. கடைசியில் துணி வாங்க வந்த ஒருத்தி முனகல் சத்தம் கேட்டு உள்ளே போயிருக்கிறாள். கால் பிசகியதோடு போயிற்று, நல்ல வேளை.

அந்த டவர் பகலில் ஓரளவு சமாளிக்கும். மாலையில் எல்லாரும் வீடு திரும்பி ஆளுக்கொரு போனை எடுத்தவுடன் அதற்கு மூச்சு முட்டும். ஒரே குழாயடியில் தெருவே குடத்தோடு நின்றால் என்ன ஆகும்? அதுதான். அதிலும் அம்மா வீட்டுச் சுவர் பழைய காலத்துச் சுவர், இரண்டு பக்கமும் மாடிக் கட்டடங்கள் வேறு. வாசலில் முனகுகிற சிக்னல் குளியலறைக்குள் செத்தே போகும்.

அண்ணன் தொலைவில் ஒரு பெரிய நகரத்தில், பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறான். அவசரத்துக்கு அழுத்த ஒரு பொத்தானை வாங்கி அனுப்பினான், கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லி. அந்தப் பொத்தானும் இதே டவரைத்தான் நம்பியிருந்தது. பிறகு முடிவாகச் சொல்லிவிட்டான்: மாதக் கடைசிக்குள் வீட்டுக்குள் போன் எடுக்கவில்லை என்றால் அவனே வந்து அம்மாவைக் கூட்டிப் போய்விடுவான், வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம். அவன் கெட்டவன் இல்லை. பயந்துபோனவன். ஆனால் அம்மாவுக்கு எலி வளையானாலும் தனி வளை வேண்டும். அந்தப் பன்னிரண்டாவது மாடியில் போய் யாருடைய இடுப்பை அவள் அளப்பாள்? எங்களிடம் அழவில்லை. வாங்கி வைத்திருந்த துணிகளை அவசர அவசரமாகத் தைத்து முடிக்க ஆரம்பித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டவரில் பழைய ஆண்டெனாக்களை இறக்கிவிட்டுப் புதியவை மாட்டினார்கள். கம்பெனி ஏலத்தில் புதிதாக எடுத்த அலைவரிசையும் இதில் சேரப் போகிறது. கீழ் அலைவரிசை என்போம், சுவரைத் தாண்டி உள்ளே போகக் கூடியது. ஆனால் அதைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பிற்பகலில்தான் திறந்துவிடுவார்கள். அதற்கு முன் மற்ற அலைவரிசைகளை நான் ஓட்டிப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

காலையில் முதலில் அம்மா தெருவுக்குள் போனேன். பச்சை. அப்படி ஒரு பச்சையை நான் அந்தத் தெருவில் கண்டதே இல்லை. கை தட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே சிவப்பு. ஆட்கள் மிகுதியாகக் கூடும் இடம் அதுதான், அந்தப் பக்கத்து ஆண்டெனா பார்க்க வேண்டியதும் அதைத்தான். வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன். ஆண்டெனா பஸ் நிலையத்தைப் பார்க்கவில்லை. லேசாக முகத்தைத் திருப்பி, என் அம்மா வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவரை அழைத்தேன். திசைகாட்டி முள் ஆடியிருக்கும் என்றார். டவர் இரும்புக்குப் பக்கத்தில் வைத்தால் முள் பொய் சொல்லும் என்பது உண்மைதான். அதனால்தான் அவர் எப்போதும் இறங்கி, தள்ளிப் போய் நின்று திசை பார்ப்பார். புதிதாக வருகிறவர்களைத் திட்டித் திட்டி அதைப் பழக்கியதே அவர்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

"முள் ஆடுச்சா, நீங்க ஆட்டுனீங்களா?" என்றேன்.

"அத்தை இங்கயே இருக்கணும்ல," என்றார்.

இந்த மனிதர் எனக்கு ஒரு பூ வாங்கி வந்ததாக வரலாறு இல்லை. மாமியாருக்காக ஒரு டவரையே திருப்பி வைத்திருக்கிறார். கீழ் அலைவரிசைதான் வரப்போகிறதே என்று கேட்டேன். வரும் என்கிறார்கள், வந்து சுவருக்குள் நுழைந்ததை என் கண்ணால் பார்த்ததில்லை, ஆண்டெனாவைத் திருப்பினால் சிக்னல் திரும்பும் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன் என்றார். இரும்பை நம்புகிற ஆள். பார்க்க முடியாததை அவர் நம்புவதில்லை.

இதை எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை: அப்படியே விட்டுவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். பஸ் நிலையத்தைத்தானே பாதிக்கிறது, அங்கே யாரும் குடியிருக்கவில்லையே என்று மனசு ஒரு வக்கீலைப் பிடித்து வாதாடியது. எதிரே ஒரு பெண் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் போனுமாக, சிக்னல் தேடித் தூணுக்குத் தூண் நடந்துகொண்டிருந்தாள். யாருக்கோ தான் வந்து சேர்ந்ததைச் சொல்ல வேண்டும் போல. அங்கே அவளுக்காக ஒரு அம்மா போனையே பார்த்தபடி காத்திருப்பாள். வழுக்கி விழுவது என்ன, என் அம்மா ஒருத்திக்கு மட்டும் எழுதி வைத்ததா?

மறுபடி அழைத்தேன்.

"திருப்பி வச்சிடுங்க. எங்கம்மா மேல ஆசை இருந்தா, அதை டவர் மேலேர்ந்து காட்டாதீங்க."

முனகிக்கொண்டே ஏறினார். ஏறும்போது முனகுவது அவருக்கு வழக்கமில்லை, எனக்குக் கேட்க வேண்டும் என்றே போனை வைக்காமல் ஏறினார். ஆண்டெனா திரும்பியது. பஸ் நிலையம் பச்சையானது. அந்தப் பெண் ஒரு தூணில் சாய்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அம்மா தெருவுக்குப் போனேன். மஞ்சளும் சிவப்புமாக, பழைய குருடி கதவைத் திறடி கதைதான். ஒப்புதல் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வெளியே வண்டியிலேயே இருந்தேன். உள்ளே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. போய் என்ன சொல்வது?

பிற்பகலில் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கீழ் அலைவரிசை திறந்தாகிவிட்டது என்று செய்தி வந்தது. திறந்த உடனே பார்ப்பதில் பொருளில்லை. பகலில் எந்த டவரும் யோக்கியன்தான். மாலை வரட்டும் என்று காத்திருந்தோம். அவரும் குளித்துவிட்டு, பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் மாதிரி முகத்தோடு வந்து சேர்ந்தார். தெருவில் விளக்குகள் எரிந்தன, வீட்டுக்கு வீடு டிவி ஓடியது, மாடிப்படியில் பிள்ளைகள் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்துவிட்டார்கள். டவரின் கழுத்தை நெரிக்கிற நேரம்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம், ஆண்டெனா திரும்பிய கதையைத் தவிர. அதையும் நானே உளறிவிட்டேன். அவள் மருமகனை ஒரு பார்வை பார்த்தாள். நியாயமாகப் பார்த்தால் திட்டியிருக்க வேண்டும். அவருக்கு மட்டும் காபியில் சர்க்கரை கூடுதலாக விழுந்தது. இனி வீட்டில் நான் சொல்வது எடுபடாது என்று புரிந்துகொண்டேன்.

பிறகு அம்மா போனை எடுத்துக்கொண்டு, தாங்கித் தாங்கி நடந்து குளியலறைக்குள் போனாள். விழுந்த இடத்திலேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அழைக்கிறேன் என்றேன். வேண்டாம், அவனே அழைக்கட்டும், அவன்தானே கேட்டான் என்று உள்ளிருந்து குரல் வந்தது. அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். நாங்கள் இருவரும் கதவுக்கு வெளியே நின்றோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை வியர்த்திருந்தது. அவ்வளவு உயரத்திலும் வியர்க்காத கை.

உள்ளே மணி அடித்தது.

அம்மா உடனே எடுக்கவில்லை. சும்மா அடிக்கட்டும் என்று விட்டிருக்கிறாள், அந்த இடத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்கிற ஆசை. பிறகு எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டாள். குளியலறையில்தான் இருக்கிறேன், கதவு சாத்தியிருக்கிறது, தண்ணீர் சொட்டுவது கேட்கிறதா என்று வரிசையாகச் சொன்னாள். அண்ணன் ஏதோ பதில் சொன்னான். பாதி வந்தது. மறுபடி சொன்னான், கால்வாசி வந்தது. என் வீட்டுக்காரரின் பிடி இறுகியது. நான் ஓடிப் போய் வண்டியில் இருந்த மடிக்கணினியைப் பார்த்தேன். எங்கள் பக்கம் முழுப் பச்சை. அடைத்துக்கொண்டிருந்தது அண்ணன் இருக்கும் பக்கம். அங்கேயும் அது எல்லாரும் வீடு திரும்பிய நேரம்தானே.

திரும்பி வந்தபோது அம்மா எல்லாவற்றையும் தானே புரிந்துகொண்டு, முக்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, குரலில் நிஜமான கவலையோடு மகனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இங்க நல்லாத்தான்டா இருக்கு. உன் குரல்தான் விட்டு விட்டு வருது. உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா அங்கேர்ந்து எங்களுக்கு எப்படிடா கேக்கும்? பேசாம நீ கிளம்பி இங்க வந்துடு."