பிரித்த நட்சத்திரம்

குடியரசு தினத்தன்று எங்கள் நாடாளுமன்றக் கட்டிடத்தின் உச்சியில், முதன்முதலில் ஏற்றிய அதே கொடியைத்தான் ஏற்ற வேண்டும். புதிதாகத் தைக்கக் கூடாது, சட்டம் அப்படி. நீலத் துணியில் மாநிலத்துக்கு ஒரு வெள்ளை நட்சத்திரம்.

கிழக்கு மாநிலம் ஓட்டுப் போட்டுத் தனி நாடாகப் பிரிந்தது. சண்டை சச்சரவு இல்லை. நாடாளுமன்றமும் சரியென்றது. அவர்கள் நட்சத்திரத்தை எடுக்கும் வேலை, கொடித் தையல்காரனான எனக்கு வந்தது.

என் அக்கா வாழ்க்கைப்பட்டது அந்த மாநிலத்தில்தான். கேள்விப்பட்டு போன் செய்தாள்.

"ஏண்டா, எங்க நட்சத்திரத்தை நீதான் பிடுங்கப் போறியாமே?"

"என் வேலைதானேக்கா. நான் இல்லேன்னா வேற ஆளு பண்ணுவான்."

"பண்ணுடா ராசா. அந்தத் துணியை இங்க அனுப்பு, உங்க அத்தானுக்குக் கைக்குட்டையாகும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் நான் எத்தனை தடவை அழைத்தும் எடுக்கவில்லை. கூடப்பிறந்தவள் என்று எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

தையல்கூடத்தில் கொடியை விரித்தோம். சுவரிலிருந்து சுவர்வரை நீலம். செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தால் தண்ணீரில் இறங்கினது மாதிரி இருந்தது. ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். நட்சத்திரம் மிதந்து வருவதுபோலக் கையோடு வந்தது. பிரித்த துணி இனி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. என் பையில் வைத்துக்கொண்டேன். அது இருந்த இடத்தைச் சுற்றிலும் ஊசி ஓட்டைகள்.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். "தண்ணி தெளிச்சு நல்லா இஸ்திரி போடுங்க, ஓட்டை மூடிக்கும். நாளைக்கு டிவிக்காரன் எல்லாம் வர்றான், மானத்தை வாங்கிடாதீங்க."

"சரி சார்."

இஸ்திரிப் பெட்டி சூடேறி, ஆவி கிளம்பி, அறையே மங்கியது. அதற்குள் அக்கா நிற்கிற மாதிரியும், நான் தேய்க்கத் தேய்க்க அவள் முகம் அழிகிற மாதிரியும் தோன்றியது. பெட்டியைத் துணியில் வைக்கவே இல்லை. அணைத்துவிட்டுக் கொடியை மடித்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை கொடி ஏறியது. காற்றில்லாமல் சுருண்டு தொங்கியது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போது பார்த்து ஒரு காற்று. துணி விரிந்தது, பின்னால் சூரியன். வெள்ளை நட்சத்திரங்களுக்கு நடுவே, வெளிச்சத்தால் தைத்தது போல இன்னொன்று. தேசிய கீதம் பாடிக்கொண்டிருந்த கூட்டம் ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டது. சூப்பர்வைசர் பார்த்த பார்வையிலேயே என் வேலை போய்விட்டது தெரிந்தது.

போன் அடித்தது.

"டேய், டிவில பாத்துட்டிருக்கேன். பிரிச்சியா இல்லையாடா?"

"பிரிச்சுட்டேன்க்கா."

"அப்புறம் என்னடா மினுக்குது அங்க?"

"ஊசி ஓட்டை. இஸ்திரி போடல."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"உன் சட்டைக்கே நீ என்னைக்குடா இஸ்திரி போட்டே?" என்றாள். "அந்தத் துணியைத் தபால்ல போடாதே. விசாவோ என்ன எழவோ வாங்கிட்டு, நீயே கொண்டு வா."

"வேலை போயிடும் போல இருக்குக்கா."

"போனா போகட்டும். இங்க புதுக் கொடி தைக்க ஆளில்லாம முழிச்சிட்டிருக்காங்க."