ரெண்டு பேர் வரோம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சு நோய் மருத்துவர் என்னை ஒரு குழாயில் ஊதச் சொல்லிவிட்டு, சம்பந்தமே இல்லாமல் கேட்டார்: "உங்கள வயித்துல சுமந்தப்போ உங்கம்மா வெயில்ல நடமாடுவாங்களா?" கர்ப்பத்தின் நடு மாதங்களில் தாய்மேல் போதிய வெயில் படாவிட்டால், பிள்ளைக்குப் பிற்காலத்தில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு கூடலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றனவாம். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாராம்.

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. போன வாரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடி, நடைபாதையில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் வேடிக்கை பார்க்க மூச்சுக்கு அலைந்தேன். இதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். ஆய்வாளர்களுக்குக் 'கூடலாம்' போதும். கதை எழுதுகிறவளுக்கு எப்படிப் போதும்?

2

முதல் தொடக்கம்: 'சூரியனையே அறியாத ஒரு கருவறையில்

(அடித்துவிட்டேன். சகிக்கவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: அம்மா போட்டோ பேப்பர் செய்யும் ஆலையில் வேலை பார்த்தாள். வெளிச்சம் பட்டால் பேப்பர் வீண் என்பதால் வெட்டுவது, அடுக்குவது எல்லாம் கும்மிருட்டில். எது மருந்து பூசிய பக்கம் என்று தெரிய, தாளின் ஓரத்தை ஈர உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் அந்தப் பக்கம். ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளாமல் இருக்க, "வரேன், வரேன்" என்று குரல் கொடுத்தபடியே நடக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகள் மட்டும் "ரெண்டு பேர் வரோம்" என்பார்கள். உடனே எல்லாரும் சுவரோடு ஒட்டி வழிவிடுவார்கள்.

அந்த இரண்டாவது ஆள் நான். விடியுமுன் உள்ளே போய், பொழுது சாய்ந்தபின் வெளியே வந்தவள்.

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: அந்த மருந்து வாடைகூடக் காரணமாக இருக்கலாம் என்றார் மருத்துவர். என் கதைக்கு அது தோதுப்படவில்லை, தள்ளிவிட்டேன்.)

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். அம்மாவின் சூப்பர்வைசரைப் பிடித்துப் போட்டேன். இருட்டறைக்கு ஆள் குறைந்ததும், வாயும் வயிறுமாக நிற்கும் அம்மாவை உள்ளே தள்ளுகிறான். "முடியாதுன்னா வீட்டுக்குப் போ" என்கிறான். ஒரு தங்கப்பல்கூட வைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வந்திருந்தது.

முடிவுகளும் தயார். ஒன்று: மகள் ஆலைமேல் வழக்குப் போடுகிறாள். (ஆலையை மூடி, அங்கே அடுக்குமாடி வந்துவிட்டது. யார்மேல் போடுவாள்?) இரண்டு: கிழவனாகிவிட்ட சூப்பர்வைசரைப் பூங்காவில் பார்க்கிறாள். அவன் சாவகாசமாக வெயில் காய்ந்துகொண்டு

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள். முதல் பக்கத்தை மறைத்துக்கொண்டு, தங்கப்பல் வரும் பக்கத்தை மட்டும் கொடுத்தேன்.

4

"யாருடி இவன்?"

"உன் சூப்பர்வைசர்."

"அவரா? அடிப்பாவி, அவரு வாயில்லாப் பூச்சி. அவரு எங்க தள்ளினாரு? நான்தான் கால்ல விழாத குறையா கெஞ்சிக் கேட்டு உள்ள போனேன்."

"எதுக்கும்மா?"

"உனக்கு முன்னாடி ஒண்ணு தங்கிச்சு."

எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

"அப்ப லாரியில பெட்டி ஏத்துற வேலை. மொட்டை வெயிலு. ஒருநாள் மயங்கி விழுந்தேன், கலைஞ்சு போச்சு. நீ தங்கினதும், இதையாவது வெயில் படாம பொத்திப் பொத்தி வெச்சுக்கணும்னு இருட்டு ரூமைக் கேட்டு வாங்கிட்டேன்." சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

என் வில்லன் போனான். தங்கப்பல்லும் போயிற்று.

"ஆமா, வெயிலுக்கும் உன் கதைக்கும் என்ன சம்பந்தம்?" என்று என் முழங்கைக்கு அடியிலிருந்து முதல் பக்கத்தை உருவினாள். பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. மருத்துவர் பேசும் இடத்தில் அவள் விரல் நின்றது. இரண்டு முறை படித்தாள்.

"அப்ப, நான் பொத்தி வெச்சதுதான் உனக்கு வினையாச்சா?"

5

இங்கே என் பதில் வர வேண்டும்.

'இல்லம்மா, அதெல்லாம் சும்மா

(பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.)

'ஆமாம்மா, ஆனா நீ

(அந்த 'ஆனா' வருவதற்குள் உடைந்துபோவாள்.)

'ஆயிரம் பேரை வெச்சுத்தான் அப்படிச் சொல்றாங்க, ஒருத்தருக்கு இதனாலதான்னு சொல்ல முடியாதாம்

(உண்மை இதுதான். பெற்றவளிடம் சொல்ல ஒன்றுக்கும் உதவாத உண்மை.)

என் கோபம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது எங்கேயும் போகவில்லை. இறக்கிவைக்க ஆள் இல்லாமல் சளியோடு சளியாக நெஞ்சிலேயே கிடக்கிறது.

மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அம்மா தாள்களை மேசையில் வைத்துவிட்டு, என் இன்ஹேலரை எடுக்க ஜன்னலில்லாத உள்ளறைக்குப் போனாள். விளக்குப் போடவில்லை, அவளுக்கு என்றைக்கும் தேவைப்பட்டதில்லை. இதோ, திரும்பி வருகிறாள். பழைய பழக்கம், இருட்டிலிருந்து குரல் கொடுக்கிறாள்.

"வரேன், வரேன்."

வந்ததும் அதே கேள்வியைக் கேட்பாள். எனக்குப் பேச மூச்சில்லை. நீங்கள் சொல்லுங்கள்.