கிளிப்பச்சைத் துணி

பாண்டிச்சேரியில் போய் காருக்கு ஹீட்டர் என்று சொன்னால் சிரிப்பார்கள். மார்கழியிலும் மின்விசிறி தேடுகிற ஊர். ஆனால் வாடகைக் கார் ஓட்டும் கன்னியப்பனுக்குப் போன வாரம் சிரிப்பு வரவில்லை. கைக்குழந்தையோடு ஒரு குடும்பத்தை ஊட்டிக்கு ஏற்றிப் போயிருந்தான். குன்னூர் தாண்டி ஹீட்டரைத் திருகினால், வெளியே அடிக்கிற அதே குளிர்தான் உள்ளேயும் அடித்தது. குழந்தை வீறிட்டது. "வண்டியக்கூட ஒழுங்கா பாத்து வெக்க மாட்டீங்களா?" என்று தாய்க்காரி கேட்டாள்.

அதுதான் அவனை அரித்தது. பார்த்துத்தானே வைத்திருந்தான்! மாசி மாதமே டேஷ்போர்டுக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதென்று தவளக்குப்பத்தில் கோபிநாத்தின் ஷெட்டில் விட்டான். உள்ளே வெந்நீர் ஓடிச் சூடு தருகிற ஹீட்டர் காயிலில் ஓட்டை, மாற்றிவிட்டேன் என்று கோபிநாத் சொன்னான். இவன் நம்பி ஓட்டி வந்தான். நம்பாமல்? ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். வேறு எவனையும் அந்த வண்டியில் கைவைக்க விட்டதில்லை.

மலையிலிருந்தும் அவனைத்தான் போனில் கூப்பிட்டான். "கூலண்ட் இருக்கா பாரு மச்சான்... பியூஸ புடுங்கிப் போடு... இஞ்சின் சூடேறட்டும், கொஞ்சம் பொறு." சாலையோரப் பனியில் ஒரு மணி நேரம் அவன் சொன்னதையெல்லாம் செய்தான். விரல் மரத்து, பியூஸ் இரண்டு தடவை நழுவி விழுந்தது. கடைசியில் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, பல் கிட்ட ஓட்டிப் போனான்.

திரும்பி வந்தவன், தான் செய்த தப்பு என்ன என்று தெரியாமல் விடுவதில்லை என்று கருவடிக்குப்பம் வீட்டு வாசலில் பானெட்டைத் தூக்கினான். கூலண்ட் நிறைய இருந்தது. கால் மணி ஓடவிட்டான். சூட்டு முள் நடுவில் நின்றது. காற்றாடியும் நன்றாகச் சுற்றியது. அப்படியானால் இஞ்சினின் வெந்நீர் காயிலுக்குப் போகவில்லை. அணைத்து ஆறவிட்டு, இஞ்சினுக்குப் பின்பக்கம் கையை விட்டான். இஞ்சினிலிருந்து வந்த ரப்பர் ஹோஸ் வளைந்து திரும்பவும் இஞ்சினுக்கே போயிருந்தது. காயிலின் இரண்டு குழாய்களும் எதிலும் சேராமல் அநாதையாக நின்றன. சொட்டாமல் இருக்க வாயில் கிளிப்பச்சைத் துணி அடைத்திருந்தது. மாற்றவாவது, மண்ணாவது!

'பழைய ஓனர் பண்ணினதா இருக்கும்' என்று அப்போதும் மனசு கோபிநாத் பக்கமே பேசியது. துணியைப் பிடுங்கித் திண்டாடியபடி நின்றவனைப் பார்த்து மனைவி நிர்மலாதேவி கிட்டே வந்தாள்.

"ஐய, இது என் பழைய பொடவயாச்சே! போன போகிக்கு எரிக்க வேணாம், கோபி அண்ணன் ஷெட்டுல கை தொடைக்க ஆவும்னு மூட்ட கட்டிக் குடுத்தனே."

வண்டி வாங்கி மூன்று வருஷம். போகி முடிந்து பதினோரு மாதம். கன்னியப்பன் அந்தத் துணியோடு தவளக்குப்பத்துக்கு வண்டியை விட்டான்.

ஷெட்டில் கோபிநாத் கை துடைத்துக்கொண்டிருந்தான். கேட்டதும், "அது பழைய ஓனர் வேலடா" என்றான், கண் இமைக்காமல். அவன் கையிலிருந்த துணியும் கிளிப்பச்சை. கன்னியப்பன் குழாயிலிருந்து பிடுங்கிய துணியை எடுத்து அதன்மேல் வைத்தான்.

கோபிநாத்தின் முகம் விழுந்தது. "கோச்சுக்காத மச்சான். காயில மாத்தணும்னா டேஷ்போர்ட மொத்தமா அவுக்கணும். பாண்டில எவன்டா ஹீட்டர் போடப் போறான்னு நெனச்சிட்டேன்."

"அத அன்னிக்கே சொல்லியிருந்தா நானே சரின்னிருப்பேன். போவுது. ஊட்டிலேர்ந்து போன் பண்ணனே, அப்ப உனக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சேதான ஒரு மணி நேரம் என்ன பியூஸ் மாட்ட வெச்ச?"

கோபிநாத் கையை நீட்டினான். "சாவியக் குடு. ரெண்டே நாள்ல புதுசு போட்டுடறேன்."

சாவியைக் கொடுக்காமல், மூலையிலிருந்த துணி டப்பாவைக் கவிழ்த்தான் கன்னியப்பன். தன் பழைய சட்டை, மகள் கவிநிலாவின் பள்ளிப் பாவாடை, புடவையின் மிச்சம் எல்லாவற்றையும் கிரீஸோடு பொறுக்கி எடுத்தான்.

"அழுக்குத் துணிடா, என்னாத்துக்கு?"

"என் வூட்டுது" என்று பின்சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அரியாங்குப்பம் பாலம் ஏறும்போதுதான், போன மாதம் பிரேக் பார்த்ததும் கோபிநாத்தான் என்பது நினைவுக்கு வந்தது. கன்னியப்பன் வேகத்தைக் குறைத்து, வண்டியை ஓரங்கட்டினான்.