நாற்பத்திரண்டு எருக்குழிகள்

ஒரு தேசத்தின் ஆன்மா அதன் உயர்கல்வியில்தான் குடியிருக்கிறது. 1961ஆம் ஆண்டில் அந்த ஆன்மா, திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு போகிற சாலையில் ஒரு பழைய பருத்திக் கிடங்கில் வாடகைக்குக் குடியிருந்தது. மழை பெய்தால் கூரை ஒழுகும்; அன்று ஆன்மாவுக்கு விடுமுறை.

கிடங்கின் பெயர் கிராமிய உயர்கல்விக் கழகம். முதல்வர் பெருமாள்சாமி கல்விச் சீர்திருத்தத்தில் ஊறியவர். மனப்பாடம் செய்து வாங்கிய பட்டம் வெறும் காகிதம், கிராமத்து மண்ணில் இறங்கியவனே படித்தவன் என்பது அவர் கொள்கை. அதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். கொள்கைக்குக் கண்ணால் காணும் உருவம் ஒன்று வேண்டுமே என்று எருக்குழியைத் தேர்ந்தெடுத்திருந்தார். மாணவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி ஆழத்தில் குழி வெட்டினார்கள். கடைசி ஆண்டில் ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள்.

இஞ்ஞாசியம்மாள் கடைசி ஆண்டு மாணவி. திண்டுக்கல்லில் வாத்தியார் ஒருவரின் மகள். கிராம சேவிகா வேலைக்கான உத்தரவு அவள் கைக்கு வந்துவிட்டது. ஜூன் முதல் தேதி தேர்ச்சிச் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும்; தவறினால் வேலை வேறொருத்திக்கு. அவள் குஜிலியம்பாறைப் பக்கம் ஓர் ஊரில் இரண்டு மாதம் தங்கி, கழகத்தார் மூன்று ஆண்டுகளாக அங்கே வெட்டிய நாற்பத்திரண்டு குழிகளிலும் இறங்கிப் பார்த்தாள். ஒன்றிலும் எரு இல்லை என்று கட்டுரையில் எழுதினாள். காரணத்தை அந்த ஊர் விவசாயி ஒச்சம்மாளின் வாய்மொழியாகவே கொடுத்திருந்தாள்.

“சாணிய வறட்டி தட்டி அடுப்பெரிக்கிறோம். சோளத்தட்டைய மாடு திங்குது. குழிக்குள்ள எதப் போட தாயி, உங்க காலேசத் தூக்கியா?”

கட்டுரையைத் தட்டச்சு செய்த அக்பர் அலிக்கு இந்த வரி மிகவும் பிடித்துப்போனது. டீக்கடையில் நாலு பேரிடம் சொன்னார். மறுநாளே அது முதல்வரின் காதுக்கு வந்துவிட்டது.

முதல்வர் அவளை அழைத்தார். உண்மைதான் கல்வியின் உயிர் என்று தொடங்கினார். உண்மையிலும் பழுத்தது, பழுக்காதது என்று உண்டு என்றார். ‘எரு இல்லை’ என்பதை ‘எருவை நோக்கி முன்னேறி வருகின்றன’ என்று திருத்தினால் முதல் வகுப்பே கொடுக்கலாம் என்று முடித்தார்.

“திருத்துனா குழியில எரு விழுந்துருமா சார்?”

“இந்தா பாரும்மா, உன் கட்டுரைய வரி வரியா ரெண்டு தடவ படிச்சவன் நான். நடை நல்லாருக்கு. முடிவுதான் சரியில்ல.”

“நாப்பத்திரண்டுலயும் எறங்கிப் பாத்துட்டேன் சார். இனி மாத்தணும்னா குழியத்தான் மாத்தணும்.”

விஷயம் தேர்வுக் குழுவுக்குப் போனது. குழுவில் முதல்வரோடு இன்னும் இரண்டு பேர். பொருளாதாரப் பேராசிரியர் பொன்னுத்துரை எருக்குழிகளைத் தொடக்கத்திலிருந்தே கேலி செய்து வந்தவர். அவள் பக்கம் நிற்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரோ அடிக்குறிப்பில் ஒச்சம்மாளின் பெயர் இருப்பதைக் கேள்விப்பட்டுக் கொதித்துப்போயிருந்தார். எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று கேட்டார். மூன்றாமவர் பாக்கியராஜ், எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர். அறிவு அறிவுக்காகவா ஊருக்காகவா, ஆய்வில் நேர்மை முதலா நன்மை முதலா என்று முதல்வருக்கும் பொன்னுத்துரைக்கும் இரண்டு பிற்பகல்கள் விவாதம் நடந்தது. கடைசியில் இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: அவளைத் தேர்ச்சி பெற விடக்கூடாது.

அறிவிப்பதற்கு முன் அவளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது விதி. கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“சந்தேகம் வந்தா குழுவே நேர்ல போயிப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்னும் விதி இருக்குல்லங்க சார்,” என்றாள். “நாளைக்குக் காலையில பஸ்ஸு இருக்கு. எறங்கி நாலு மைல் நடை. நெழலு மட்டும் கெடையாது. ஒச்சம்மாக்கா கூழு காச்சி வச்சிரும். வெரசா எறங்கி ஏறுனா பொழுது சாயறதுக்குள்ள நாப்பத்திரண்டும் முடிஞ்சுரும்.”

அன்று மே இருபத்தாறு. கத்திரி வெயில் இன்னும் விடவில்லை. பாக்கியராஜ் அந்த இரண்டு நாளில் முதல்முறையாக வாயைத் திறந்து, தமக்கு முழங்கால் வலி இருப்பதைத் தெரிவித்தார். வாய்மொழிச் சான்று உலகின் மிகத் தொன்மையான சான்று என்பது பொன்னுத்துரைக்கு நினைவுக்கு வந்தது. ஆசிரியரையே மறுத்துப் பேசும் மாணவியை உருவாக்கியதுதான் தம் சீர்திருத்தத்தின் வெற்றி என்று முதல்வர் கண்டுகொண்டார். ஒருமனதாக அறுபத்தெட்டு மதிப்பெண். ‘ஒவ்வொரு பக்கத்தையும் ஆழ்ந்து பரிசீலித்து’ வழங்கியதாகத் தீர்மானம் எழுதி மூவரும் கையெழுத்திட்டார்கள்.

மறுநாள் இஞ்ஞாசியம்மாள் சான்றிதழை வாங்கிக்கொண்டு, வேலையில் சேரும் இடத்தில் காட்டக் கட்டுரையின் ஒரு பிரதி வேண்டும் என்று எழுத்தர் அந்தோணிமுத்துவிடம் கேட்டாள். அவர் பீரோவைத் திறந்து மூன்றையும் எடுத்து மேசையில் வைத்தார். கழக விதிப்படி, குழுவினர் மூவரும் படிக்க ஆளுக்கொன்றாக அவள் நூலால் கட்டி அரக்கு வைத்துக் கொடுத்த பிரதிகள். மூன்றிலும் அரக்கு உடைபடாமல் இருந்தது.