கீழே குதித்த மெட்டு

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர்தான் என்றாலும், சேர்ந்திசைக் குழுவில் அவருக்குப் பெயர் மாஸ்டர். பதினைந்து வருடமாகக் குழுவுக்கு மெட்டு எழுதிப் பாடவைப்பவர். ஐநூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பியப் பலகுரல் இசையைச் சொல்லிக்கொடுக்கும் சனிக்கிழமை வகுப்பில் அவர் சேர்ந்ததே, தெரிந்ததற்கு ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாம் என்றுதான்.

மூன்றாவது வாரம் ஆசிரியை தாவல் விதிகளைப் பலகையில் எழுதினார். மெட்டு பெரும்பாலும் படிப்படியாக நடக்க வேண்டும். பெரிதாகத் தாவினால் உடனே எதிர்த்திசையில் ஒரு படி திரும்ப வேண்டும். நிற்கும் சுரத்திலிருந்து ஆறாம் சுரத்துக்கு மேல்நோக்கித் தாவலாம். அதே தாவல் கீழ்நோக்கிக் கூடவே கூடாது.

"இதெல்லாம் சும்மா கெடுபிடிங்க. குரல் இருந்தா எங்க வேணா தாவலாம்," என்று மாஸ்டர் தன் பழைய மெட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

ஆசிரியை படித்துப் பார்த்தார். "நீங்களே பாடுங்களேன்."

பாடினார். உச்சியிலிருந்து கீழே ஆறாம் சுரத்துக்கு ஒரே குதி, அங்கிருந்து இன்னும் கீழே ஒரு தாவல். குரல் வழுக்கி எங்கேயோ போய் விழுந்தது. மறுபடி பாடினார். மறுபடியும் அதே இடத்தில் வழுக்கல்.

காது சிவக்க உட்கார்ந்தவருக்கு, முன்பு குழுவில் பாடிய அக்காவின் நினைவு வந்தது. இந்த மெட்டில் இதே இடத்தில்தான் அவளும் தவறினாள். ஒத்திகையில், இருபது பேர் முன்னால், "உனக்குக் காது செவிடா? நாளையிலேர்ந்து வராத" என்று விரட்டியது அவர் வாய்தான். நான்கு வருடமாயிற்று.

மறுநாள் அக்காவின் தையற்கடைக்குப் போனார்.

"அக்கா, அன்னிக்கு உன் மேல தப்பில்ல. நான் எழுதினதே தப்பு. என்னாலயே பாட முடியல."

பித்தான் தைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "வீட்ல யாரும் இல்லாதப்ப அந்த வரியப் பாடிப் பாடிப் பார்ப்பேன்டா. என் குரல்தான் போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் பாடுறதையே விட்டுட்டேன்."

"திரும்பி வாக்கா."

"திட்டினது இருபது பேர் முன்னாடி. இங்க வந்து தனியா சொல்ற."

அடுத்த ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் அந்த வரியைப் பாடித் தவறிக் காட்டினார். அக்காவை விரட்டியது அநியாயம் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"எங்களுக்கும் அது வராது மாஸ்டர்," என்றார் குழுவில் பாடும் தபால்காரர். "வாய மட்டும் அசைப்போம். உங்ககிட்ட யாரு சொல்றது?"

அன்றிரவே மாஸ்டர் அந்த வரியைத் திருத்தி எழுதினார்.

இரண்டு வாரம் அக்கா வரவில்லை. மூன்றாவது வாரம் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். திருத்தி எழுதிய தாளை அவளிடம் நீட்டினார் மாஸ்டர். அவள் முகத்தைப் பார்க்கத்தான் துணிவில்லை.