இன்னும் கொஞ்சம் தள்ளி

எங்கள் ஊர் ஆர்கெஸ்ட்ராவில் நன்றாக ஊதுகிறவரைத் தூரத்தில் நிறுத்துவார்கள். சுமாராக ஊதுகிறவரை மேடையில் உட்காரவைப்பார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. சுமாரான சத்தம் கிட்ட இருந்தால்தான் கேட்கும். நல்ல சத்தம் எங்கிருந்தாலும் வந்து சேர்ந்துவிடும். வேலை செய்கிறவனுக்கு வேலையைக் கொடு, செய்யாதவனுக்கு நாற்காலியைக் கொடு என்பது எல்லா ஆபீஸிலும் இருக்கிற சட்டம்தானே.

டிரம்பெட்காரர் ஞானாதிக்கம் வேலையில் சேர்ந்த அன்று மேடையில்தான் உட்கார்ந்தார். ஒத்திகை தொடங்கியது. அவர் ஊதினார். கையில் குச்சியோடு நின்ற மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பிரமாதம் சார். கொஞ்சம் தள்ளிப் போய் ஊதுங்க."

ஞானாதிக்கம் திரைக்குப் பின்னால் போய் நின்று ஊதினார்.

"அடடா! இன்னும் கொஞ்சம் தள்ளி."

வராந்தாவுக்குப் போனார். அந்த வராந்தா ஆளுக்குத் தகுந்த மாதிரி நீளும். அவருக்கு நன்றாக நீண்டது. சாயங்காலம் ஒத்திகை முடிந்தபோது அதன் அந்தப் பக்கத்து வாசல் சைதாப்பேட்டையில் இருந்தது. அவர் டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வந்தார். எல்லோரும் கைகொடுத்தார்கள். சேர்ந்த அன்றே சைதாப்பேட்டை யாருக்குக் கிடைக்கும்?

அவருக்குப் பெண் பார்த்ததும் அந்த வாரத்தில்தான். அவரால் போக முடியவில்லை, வேலை. சத்தம் மட்டும் போனது. பெண் வீட்டார் கூடத்தில் அது வந்து நின்றது. பிலோமினா காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டாள். சம்மதம் என்றாள்.

பிறகு பல்லாவரம் மலை. பிறகு மதுராந்தகம் ஏரிக்கரை. திண்டிவனம். வருஷம் போகப் போக அவர் இன்னும் நன்றாக ஊதினார், இன்னும் தள்ளி அனுப்பினார்கள். கடைசியில் கல்வராயன் மலை. அங்கே வியாழக்கிழமை ஊதினால் சத்தம் நெடுஞ்சாலை வழியாக நடந்து, வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்குச் சரியாகப் போய்ச் சேரும். டோல்கேட்டில் நிற்காது. ஆனால் அது போய்ச் சேரும்வரை ஊதியவர் இடத்தைவிட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் என்னமோ ஏதோ என்று சத்தம் திரும்பி வந்துவிடும். திண்டிவனத்தில் ஒருமுறை அவர் டீ குடிக்கப் போனார். செங்கல்பட்டுவரை போன சத்தம் திரும்பி வந்து டீக்கடை வாசலில் நின்றது. சத்தத்தை அலையவிட்டதற்காக அவருக்கு மெமோ கொடுத்தார்கள்.

மெமோவைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. மனசில் இருந்ததே வேறு. தான் ஊதுவதைப் பிலோமினா ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டில் ஊத முடியாது. ஹவுஸ் ஓனர் ஒப்புக்கொள்ளமாட்டார். வீட்டில் அவர் வெந்நீரில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள். பிலோமினா அவரிடம் மோர் வேண்டுமா என்று கேட்பாள். வாடகைக்கு இருப்பவரைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்து அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பாள். கேட்டதும் அழுவாள். பக்கத்து வீட்டுக்காரர் இதை வந்து சொன்னபோது ஞானாதிக்கத்துக்கு வயிறு எரிந்தது. தன் சத்தத்தின் மேலேயே பொறாமைப்படுகிற மனுஷனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பார்க்கச் சகிக்காது.

"ஒரு தடவ நான் ஊதறத நீ பாக்கணும் பிலோ."

"அதான் வாராவாரம் கேக்கறேனே."

"பாக்கணும்னு சொல்றேன்."

"பாத்தா என்னங்க கிடைக்கும்? கன்னம் உப்பும். அவ்ளோதான?"

"கன்னம் உப்பக் கூடாது. உப்பினா அது பலூன்."

"சரி. மோர் வேணுமா?"

சனி, ஞாயிறுகளில் அவர் பித்தளை வாத்தியங்கள் சொல்லிக்கொடுத்தார். அங்கேயும் தலைவலிதான். ஒழுங்காகக் கற்றுக்கொண்ட பிள்ளைகளையெல்லாம் ஆர்கெஸ்ட்ரா தூரமாக அனுப்பிவிட்டது. ஒருவன் நாக்பூரில் நிற்கிறான். டிராம்போன் படித்த ஒருவனை எங்கே அனுப்பினார்கள் என்றே தெரியவில்லை, மழைக்காலத்தில் மட்டும் லேசாகக் கேட்கிறது. தாய்மார்கள் வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றினார்கள்.

"எம் புள்ளைய நல்லா ஊதவெச்சு நாசம் பண்ணிட்டியே, நீ நல்லா இருப்பியா?"

கொஞ்சம் மோசமாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். வரவில்லை. அதற்கும் ஒரு திறமை வேண்டும்.

தப்பித்தது ஹெப்சிபா ஒருத்திதான். கெட்டிக்காரப் பெண். அவரிடம் இருந்த எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். எங்கே மூச்சு எடுப்பார், கடைசி ஸ்வரத்துக்கு முன்னால் எங்கே கொஞ்சம் தயங்குவார், அதுவரைக்கும். ஆனால் தேர்வு நாளில் மாஸ்டர் முன்னால் வேண்டுமென்றே கழுதை மாதிரி ஊதினாள். மாஸ்டர் முகம் கோணிப்போயிற்று.

"இது கிட்ட இருந்தாத்தான் சரிப்படும்" என்று மேடையில் நாற்காலி போட்டுக்கொடுத்தார்.

ஞானாதிக்கத்துக்குப் பணி ஓய்வு வந்தது. கடைசிக் கச்சேரி இருந்த வாரம், திங்கட்கிழமை அவர் மாஸ்டரைப் போய்ப் பார்த்தார்.

"இந்த ஒரு தடவ மேடையில உக்காந்து ஊதறேன்."

"மேடையிலயா? உங்களுக்கு என்ன சார் குறைச்சல்?"

"என் சம்சாரம் பாக்கணும்."

"அவங்கதான் கேக்கறாங்களே."

"பாக்கணும் சார்."

"நாற்காலி காலியா இல்லியே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெப்சிபா எழுந்தாள். "நீங்க உக்காருங்க சார். நான் மலைக்குப் போறேன்."

ஞானாதிக்கம் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, அங்க நல்லா ஊதினா அப்புறம் உன்னை உள்ள விடமாட்டாங்க."

"தெரியும் சார்."

"மோசமா ஊதினா இங்க வந்து சேராது."

"அதுவும் தெரியும் சார்."

அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். அவள் டிரம்பெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தாள். அது அவளுக்கும் நன்றாகவே நீண்டது.

வெள்ளிக்கிழமை பிலோமினா கல்யாணப் புடவையில் வந்தாள். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் ஞானாதிக்கத்தைப் பார்த்து, தெரிந்தவரைப் பார்த்தால் சிரிக்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தாள். அவர் இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து இன்றைக்கு என்று நினைத்துக்கொண்டார்.

டிரம்பெட் தனியாக வருகிற அந்த இடம் வந்தது. வயலின்கள் நின்றன. மாஸ்டர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்துத் திரும்பினார். சபை முழுக்கக் காதைச் சாய்த்துக்கொண்டது. பிலோமினா கண்ணை மூடிக்கொண்டாள். ஞானாதிக்கத்தின் முன்னால் இருந்த தாளில் அந்த இடத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. மேடை நாற்காலிக்கு அங்கே வேலை இல்லை.

அவர் எழுந்து நின்று ஊதினார்.

சும்மா சொல்லக் கூடாது. ஆயுசில் அவர் அப்படி ஊதியதில்லை. கன்னம் உப்பவில்லை. மூச்சு அடிவயிற்றிலிருந்து வந்தது. பிலோமினா கண்ணைத் திறந்தாள். அவரை நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டாள்! உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

"ஷ்ஷ்."

மாஸ்டர் குனிந்து அவர் காதருகே சொன்னார். "சார், உக்காருங்க. கச்சேரி நடக்குது."

அவர் உட்கார்ந்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே ஒருவர்கூடச் செவிடு இல்லை, அதுதான் கொடுமை.

அப்போது அது வந்தது. வியாழக்கிழமை மலையில் புறப்பட்டது, வழியெல்லாம் நடந்து, ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ஹெப்சிபா நகராமல் நிற்கிறாள். அவர் மூச்சு எடுக்கிற இடத்தில் மூச்சு எடுத்திருந்தாள். தயங்குகிற இடத்தில் தயங்கியிருந்தாள். வாத்தியார் புத்தி, அவர் தப்புத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அவருக்கு அந்தப் பெண்மேல் கோபம் கோபமாக வந்தது.

பிலோமினா கண்ணை மூடியிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

பக்கத்து நாற்காலி அம்மாள் மெல்ல அவளை இடித்தாள். "யாருங்க இது, இப்படி ஊதறது?"

பிலோமினா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, ஞானாதிக்கத்தின் தலைக்கு மேலே, ஜன்னலைக் காட்டினாள்.

"எங்க வீட்டுக்காரர்."