காப்பீட்டு அலுவலகத்தில் முளைத்த கால்

சர்க்கரை நோய்க்கு முழங்காலோடு பறிகொடுத்த குழாய்க்காரரின் இடது கால், அரசு காப்பீட்டு அலுவலகத்தின் வாசற்படியைத் தாண்டியதும் முளைத்துவிட்டது. முதலில் கவனித்தது அவர் மனைவிதான். தோளில் சாய்ந்திருந்த பாரம் சட்டென்று குறைய, திரும்பிப் பார்த்தால் மனிதர் ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு காலில் நிற்கிறார். வலது பாதத்தில் மாதக்கணக்காக ஆறாமல் கிடந்த புண்ணையும் காணோம். வெளியே இழுத்து வந்தாள்; கால் போனது, புண் வந்தது. உள்ளே போனார்கள், புண் போனது, கால் வந்தது. வரிசையில் நின்றவர்கள், "ஒண்ணு உள்ள போங்க, இல்ல வெளிய போங்க" என்று எரிந்து விழுந்தார்கள்.

அந்தக் காப்பீடு அறுபது வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும். குழாய்க்காரருக்கு அறுபதாக இரண்டு வருடம் இருந்தது. ஆக, இல்லாத காலை நம்பித்தான் வந்திருந்தார்கள். வலது பாதத்துக்கு உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிடும், ஆனால் காப்பீட்டு அட்டை இல்லாமல் சேர்க்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக இந்தக் கால் வந்து நின்றது. கவுண்டரில் இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நன்றாகவே பார்த்தார்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? கண்ணு முன்னாடி ரெண்டு கால் இருக்கே."

"வெளிய வந்து பாருங்க சார். நாலடிதான்."

"கவுண்டர்ல தெரியறதைத்தாம்மா நான் எழுத முடியும்."

அங்கே காது கேளாதவர்களுக்குக் கேட்டது, மூச்சிரைப்புக்காரர்கள் சத்தம்போட்டுச் சண்டை பிடித்தார்கள். அந்த அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி எவருக்கும் ஏன் அட்டை கிடைத்ததில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இருந்தும் வாராவாரம் வந்தாள். கடைசியில் பாதம் கறுத்து, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்தவரை அக்கம்பக்கத்தார் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். படியைத் தாண்டியதும் அவர் எழுந்து நின்று, "பசிக்குது, என்ன கொண்டாந்த?" என்றார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

டோக்கன் வாங்கியவரைக் கூப்பிட்டுப் பதில் சொல்லாமல் வெளியே அனுப்பக்கூடாது என்று அங்கே ஒரு விதி இருந்தது. கூப்பிட்டால் இல்லை என்பார்கள். இல்லை என்று சொல்லிவிட்டால் அவர் வெளியே போகவேண்டும். இத்தனை நாளும் இடித்துப்பிடித்து முந்திப் போனவள், அன்று தங்கள் முறை நெருங்கியதும் பின்னால் இருந்த அம்மாளிடம், "நீங்க முதல்ல போங்கக்கா" என்று டோக்கனை மாற்றிக்கொண்டாள். அப்புறம் அதற்குப் பின்னால் இருந்தவரிடம். மாலையில் காவலாளி தலையைச் சொறிந்துவிட்டு, குழாய்க்காரரை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு போனார்.

அப்படியே ஓடியது காலம். அவள் தினமும் சாப்பாடு கொண்டுவந்து, டோக்கனை மாற்றிவிட்டுப் போனாள். சும்மா இருக்கத் தெரியாத மனிதர், அலுவலகத்தில் ஒழுகிய குழாய்களை எல்லாம் சரிசெய்தார். ஒழுக எதுவும் மிச்சமில்லாதபோது நன்றாக இருந்ததைக் கழற்றி மாட்டினார். ஒருநாள் அவளை வழியனுப்ப வந்தவர் மறதியில் வெளியே காலெடுத்து வைத்தார். சரிந்தவருக்கு மூச்சில்லை. அக்குளில் கைகொடுத்து அவள் உள்ளே இழுத்துப் போட்டதும் எழுந்து உட்கார்ந்து, "ஏன் இப்படி முழிக்கிற?" என்றார். "வழுக்கிட்டீங்க," என்று மட்டும் சொன்னாள். நோயோடானாலும் வீட்டில் கிடக்கும் புருஷன் வாய்த்த பெண்களைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரிந்தது. ருசி பார்த்துச் சொல்ல வீட்டில் ஆளில்லாமல் கறிக்கு உப்பு கூடிக்கொண்டே போனது.

கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து ஒரு காலை, அதிகாரி கவுண்டரைவிட்டு எழுந்து தானே பெஞ்சுக்கு வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"அம்மா, இன்னியோட அவருக்கு அறுபது ஆயிடுச்சு. இனி எத்தனை கால் இருந்தா என்ன? அட்டை ரெடி. வாங்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலோரம் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, ஒரு பழைய குழாயில் ஊதி அடைப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றி சார்," என்றாள். "பின்னாடி இருக்கறவங்களக் கூப்பிடுங்க."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கவுண்டருக்குப் போய் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.